ஒரு விரற்கடை

எண்ணூற்று அறுபதாவது அடியில்
கம்ப்ரசர் எஞ்சின் இருமியது.
ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறப் பார்த்தது,
கடைசியாக வெள்ளைப் புகை ஒன்றை விட்டு
நின்றே போனது.

முத்தூருக்குத் தெற்கே ஒரு கொறங்காடு.
மார்கழி ராத்திரி, இரண்டரை மணி.
அதுவரை பறந்த கல்மாவு
கிளுவை வேலிமேல் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.
சத்தம் நின்ற பிறகுதான் கேட்டது
எங்கோ ஒரு செம்மறி செருமுவது.

கறுப்புப் புகை என்றால் காற்றடைப்பு.
நீலம் என்றால் ஆயில் எரிகிறது.
வெள்ளையைப் பார்த்து உடனே எதையும் சொல்லிவிட முடியாது.
கைப் பம்பை அழுத்தினேன், அழுத்தம் இருந்தது.
குமிழி வரவில்லை.
செப்பரேட்டர் கிண்ணத்துத் திருகைத் தளர்த்தி
காலி சோடா பாட்டிலைக் கீழே பிடித்தேன்.

எஞ்சினை அவசரப்படுத்தலாம், பாட்டிலை முடியாது.
பீடி பற்ற வைக்கக் கூடாத இடத்தில்
ஒரு பீடி நேரம் காத்திருந்தேன்.
கலங்கல் பிரிந்தது.
மேலே தேன் நிறம்.
கீழே நிறமே இல்லாமல் ஒரு விரற்கடை.
நடுவில் சளி மாதிரி ஒரு கறுப்பு இழை.

"தண்ணி! தண்ணி இருக்குது!"
கத்திவிட்டான் சேமலையப்பன்.
கத்தியிருக்கக் கூடாது.

கட்டிலிலிருந்து எழுந்து
செருப்பில்லாமல் ஓடி வந்தார் காட்டுக்காரர் துளசிமணி,
சேலையெல்லாம் கொழுக்கட்டைப் புல் ஒட்டியிருக்க.
"வந்துருச்சுங்களா? எத்தனை இஞ்சுங்க?"

பாட்டிலைக் காட்டினேன். வேறென்ன செய்ய.
டார்ச் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார்.
"இது நம்ம தண்ணி இல்லீங்களா?"
"இல்லீங்க. வண்டி டீசல் டேங்க்குல இருந்தது."
அப்படியே நின்றார்.

மேனேஜர் போனில் வந்தார்.
"அந்த புத்ராம் பயதான். டீசல வித்துட்டுத்
தண்ணிய ஊத்தியிருப்பான். சம்பளத்துல புடி."
புத்ராமுக்குத் தமிழ் பாதிதான் புரியும்.
பெயர் முழுசாகப் புரிந்துவிட்டது.
கிரீஸ் கையைத் துடைக்காமல் நின்றான்.

சைலன்சர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.
அவன் குடிக்கிற கேனிலிருந்து ஒரு சொட்டு விட்டேன்.
சுர்ரென்று வற்றி, வெள்ளையாக ஒரு வட்டம்.
உப்பு.
இந்தச் சீமைத் தண்ணியின் கைநாட்டு அது.
பாட்டில் அடியிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சி
பக்கத்தில் இன்னொரு சொட்டு.
கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. வட்டம் இல்லை.
மூன்று தடவை விட்டுப் பார்த்தேன்.
வட்டம் இல்லை.

வானத்துத் தண்ணி.
ராய்ச்சூரில் நாற்பது நாள் மழையில்
அரை டேங்க்கோடு நின்றதே வண்டி, அப்போது இறங்கியது.
மூடியைத் திறந்தேன்.
வாசர் கிழிந்திருப்பது
திறக்கும் முன்பே எனக்குத் தெரியும்.
ஆடியிலேயே பார்த்தேன். பன்னிரண்டு ரூபாய்.
செங்கோடு போகும்போது வாங்கிக்கலாம் என்று
மூன்று தடவை செங்கோடு போய் வந்துவிட்டேன்.

"தப்பு என்னுதுங்க" என்றேன் போனில்.
அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேச்சில்லை.
பிறகு, "டீசல் எத்தனை லிட்டர் மிச்சம்?"

டேங்க்கின் அடித்திருகைக் கழற்ற
நாலரை லிட்டர் இறங்கியது.
புத்ராம் பக்கெட்டில் பிடித்துப் பிடித்து
தூரமாகக் கொண்டுபோய் வைத்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
பில்டர் மாற்றி, பழைய டியூப்பை மூடிக்கு வட்டமாக வெட்டி,
ஏர் எடுத்து முடிக்க நாலரை மணி.
நாசில் ஒன்று போயிருக்கலாம்.
விடிந்தால் தெரியும்.

எஞ்சின் பிடித்தது. இருமல் இல்லை.
துளசிமணி கட்டிலுக்குத் திரும்பவில்லை.
குழிக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து
பறக்கிற மாவில் உள்ளங்கையை நீட்டி நீட்டி
ஈரம் தேடினார்.

எண்ணூற்று அறுபத்தெட்டு.
எண்ணூற்று எழுபத்திரண்டு.

இதற்குமேல் அடிக்கு எவ்வளவு என்று
கேட்பார் என நினைத்தேன்.
கேட்கவில்லை.