செவ்வாய்க்கிழமைகளில் விழுகிறோம்

ஹார்லிங்கன் துறைமுகத்துக்குப் பின்னால்
முன்பு மீன் ஏலம் விட்ட கூடத்தில்
செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு
நாங்கள் ஒன்பது பேர்
விழப் போகிறோம்.

எல்லார் வயதையும் கூட்டினால் எழுநூற்றுச் சொச்சம்.
இரண்டு செயற்கை இடுப்பு,
முழங்காலில் ஒரு தகடு,
என் இடது மணிக்கட்டில் மூன்று திருகாணி.

அந்தத் திருகாணிகளுக்குப் பிறகு
வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடந்தேன்.
கடைக்கு மகன் போனான்.
சைக்கிளில் சிலந்தி குடியேறியது.
விழக் கூடாதென்று உட்கார்ந்தே இருந்ததில்
என் தொடைச் சதையை
பயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டிருந்தது.

முதல் நாள் நூர்ட்யெ
கையில் கடிகாரத்தோடு நின்றாள்.
அரை நிமிடத்தில் எத்தனை முறை
நாற்காலியை விட்டு எழுவேன்?
நான்கு.
ஐந்தாவதில் நாற்காலி என்னை விடவில்லை.

பிறகு ஒற்றைக் காலில் நின்றோம்,
கொக்கு மாதிரி இல்லை,
புயலில் கொடிக்கம்பம் மாதிரி.
நுரைமெத்தைமேல் தள்ளாடினோம்.
தாடையை நெஞ்சோடு ஒட்டி
தோளைக் கொடுத்து உருண்டோம்.
"கையை ஊன்றாதீர்கள்!"
எழுபத்தாறு வருடம் ஊன்றிய கை,
சொன்னால் கேட்குமா?

வீபெ மட்டும் விழ மாட்டேன் என்றார்.
முப்பது வருடம் மதகுக் காவலர்,
கப்பல்களையே நில் என்றவர்.
மெத்தையோரம் மீசையை நீவியபடி
ஐந்து வாரம் மரியாதையாக நின்றார்.
ஆறாவது வாரம்
யாரும் கேட்காமலே
வெட்டிய மரமாய்ச் சாய்ந்து, உருண்டு,
மல்லாந்தபடி கூரையைப் பார்த்து
"இவ்வளவுதானா?" என்றார்.
விழுந்து விழுந்து சிரித்தோம்.
எங்களுக்கு அது வெறும் பேச்சு வழக்கு இல்லை.

நவம்பரில் கடல்கரை மேட்டில்
ஆட்டுப் புழுக்கையில் வழுக்கிவிட்டது அவருக்கு.
சாட்சி, ஆடுகள் மட்டும்.
தாடை உள்ளே, தோள் கீழே,
ஒரு புரளல்,
மண்டியிட்டு, ஒரு காலை ஊன்றி, எழுந்து
நேராக வகுப்புக்கே வந்துவிட்டார்.

குப்புற விழுந்தாலும்
மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே,
இவர் மீசையில் ஒட்டியிருந்தது.
நூர்ட்யெ துவாலை நீட்டினாள்.
"இரு. இன்னும் சிட்ஸ்கெ பார்க்கவில்லை."

பார்த்தேன்.

எனக்கு இப்போது பதினொன்று.
நிஜமாக ஒருமுறைகூட விழவில்லை இன்னும்,
அதில் சின்ன வருத்தம்கூட உண்டு.
சைக்கிள் வெளியே மழையில் நிற்கிறது.
சிலந்தி வேறு இடம் பார்த்துக்கொண்டது.