தாள் சோதனை

பனேவேழிஸ் ஆலையில் இரவு முறை.
கரிப்பொடியும் கந்தகமும் தின்ற ரப்பர்
அச்சுத்துளை வழியே
முடிவில்லாமல் வந்துகொண்டிருக்கிறது:
நடுவில் பொள்ளல், ஓரத்தில் உதடு.
சூளைக்குள் போகும்வரை சொன்னபடி வளையும்.
வெந்து வந்தபின்
எவ்வளவு நசுக்கினாலும் தன் உருவுக்கே திரும்பும்.

மூலைகளைச் சாய்த்து வெட்டி ஒட்டுகிற ரிம்கௌதாஸ்
"காற்று மூலையில்தான் கன்னம் வைக்கும்" என்பான்.

கதவிடுக்கில் தாள் வைத்துச் சாத்தி
இழுத்துப் பார்ப்பது என் வேலை.
வழுக்கி வந்தால் கழிவு.

ஜனவரியில் என் வீட்டுக் கதவுக்கும் பொருத்தினேன்.
தாள் அசையவில்லை.

எதிர்வீட்டு யாத்விகாவின் இருமல் கேட்கவில்லை என்பது
மூன்றாம் நாள்தான் உறைத்தது.
ஓடிப்போய்த் தட்டினேன்.

கையில் கரண்டியோடு திறந்தாள்.
"நீயா!
மூன்று நாளாய் உன் வானொலிச் சத்தமே இல்லை.
செத்துவிட்டாய் என்றல்லவா இருந்தேன்."