மூன்றாம் எண் சாளரம்

அக்டோபரில் குஹ்மோ காவல் நிலையத்தில்
எட்டே முக்காலுக்கே எண்சீட்டு தீர்ந்துவிடும்.
மூஸ் மான் வேட்டைக்காலம். ஈரக் காலணியும்
நாய் வாடையுமாக வந்து உட்காருகிறார்கள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
பதினோரு வருடமாக.

மச்சானின் துப்பாக்கியை ஞாயிறு ஒருநாள் இரவல் வாங்கலாமா?
உங்களுக்கு உரிமம் இருக்கிறதா, முதலில் அதைச் சொல்லுங்கள்.
காரின் பின்பெட்டியில் பூட்டிவிட்டு
காப்பி குடிக்கப் போகலாமா?
எவ்வளவு நேரம் குடிப்பீர்கள்?
பரணில் ஒன்று கிடைத்தது, போர்க்காலத்தது, சுடாது,
அதைக்கூடப் போலீஸில் சொல்ல வேண்டுமா?
இப்போது சொல்லிவிட்டீர்களே.

கேட்கிறவர்கள் எல்லோரும்
"என் நண்பர் ஒருவருக்கு" என்றுதான் தொடங்குவார்கள்.
அந்த நண்பரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

ஹில்க்கா பீரைனெனுக்கு நண்பர் யாரும் இல்லை.
கணவர் ஓய்வா இறந்து ஐந்து வாரம்.
கைப்பையை மடியில் நிறுத்திப் பிடித்திருந்தார்,
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சாய்ந்துவிடுவாரோ என்பதுபோல.
விற்பதா, வாரிசுக்கு மாற்றுவதா, ஒப்படைப்பதா:
படிவத்தில் மூன்று கட்டம். ஒன்றில் குறியிட வேண்டும்.

"அலமாரி பூட்டியிருக்கிறது."
சாவி?
"எனக்குச் சொல்லக் கூடாதென்று
நீங்கள்தானே அவரிடம் சொன்னீர்கள்."

நான் சொல்லவில்லை.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர் சொல்லியிருப்பார்.
உரிமம் இல்லாதவர் கைக்கு எட்டக் கூடாது:
நானும் தினம் நாலு தடவை சொல்லித்
தேய்த்த வாக்கியம்தான்.
ஒருவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்
முப்பத்தெட்டு வருடம் காப்பாற்றுவார் என்று
நினைத்துச் சொன்னதில்லை.
சம்பளம், கடன், நெஞ்சில் வலி எந்தப் பக்கம்,
எல்லாம் சொன்ன மனிதர்.

"மாவு டப்பாவில் பார்த்தேன். சவுனா அடுப்புக்குப் பின்னால்.
கோட்டுகளின் உள்தையலைப் பிரித்தும் பார்த்தேன்.
பிரித்ததைத் திரும்பத் தைத்தும் வைத்துவிட்டேன்.
யார் போடப் போகிறார்கள்."

கயானியிலிருந்து பூட்டுக்காரர் வந்து துளைபோட்டார்.
கான்ஸ்டபிள் ரைமோ துப்பாக்கியைக் கொண்டுவந்து
என் மேசையில் வைத்தார்.
எண்ணெய் மினுமினுக்க, சுத்தமாக.
நடுவில் மட்டும் ஓர் ஓட்டை. போல்ட் இல்லை.

தொலைபேசியில் விளக்கினேன்:
இரும்புத் தண்டு, சாண் நீளம்,
ஓரத்தில் குமிழ் வைத்த கைப்பிடி.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
பிறகு, "நல்ல கனமாக இருக்குமா?"

தையல் மேசையில் இருந்திருக்கிறது.
வெட்டும்போது துணி நகராமல் அதைத்தான் மேலே வைப்பாராம்.
கல்யாணமான வருடம் ஓய்வா கொண்டுவந்து கொடுத்தது.
"இதை நீ பார்த்துக்கொள்" என்றாராம்,
என்னவென்று சொல்லவில்லையாம்.
திரைச்சீலைகள், மகளின் பள்ளிக்கூடப் பாவாடை,
கடைசியாக அவரை அடக்கம்செய்த சட்டை,
எல்லாம் அதன் கனத்தில் அசையாமல் கிடந்து வெட்டுப்பட்டவை.

சட்டத்துக்கு அந்தத் துண்டும் துப்பாக்கிதான்.
அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். சொன்னேன்.
"அப்படியானால் இத்தனை வருடம் நானும் வைத்திருந்தேனா?"

சாவி அவரிடம். போல்ட் இவரிடம்.
ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஒரு முயலைக்கூடச் சுட முடியாது.
ஒருவருக்குத்தான் அது தெரியும்.

'பாகம் எங்கே கிடைத்தது' என்ற வரியில்
தையல் மேசை என்று எழுதி, அடித்து,
வீட்டில் என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை கொண்டுவந்தார்,
பூப்போட்ட துணியில் சுற்றி.
கையெழுத்துப் போட்டார். எழுந்தார். உட்கார்ந்தார்.

"ஒரு கேள்வி. என்றைக்காவது சாவி கிடைத்தால்
அதையும் ஒப்படைக்க வேண்டுமா?"

பூட்டே போய்விட்டதே அம்மா, என்றேன்.
சாவிக்கு உரிமம் தேவையில்லை. வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்படியானால் தேடலாம்," என்றார்.
துணியை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.