புல் அடைத்த சக்கரம்

சூரியநெல்லியில் ஜீப்காரர்கள் சிரித்தார்கள்.
ஜீப்புக்கே இடுப்பு கழன்றுபோகிற பாதை,
இதில் சைக்கிளா?
முதல் வளைவு வரை அந்தச் சிரிப்பு கூட வந்தது.
இரண்டாம் வளைவில்
என் மூச்சு மட்டும்தான் கேட்டது.

நாலு பேர்.
போடி தங்கமாயன், உத்தமபாளையத்து ஹபிபுல்லா,
சின்னமனூர் பெனிட்டா, நான்.
மின்வாரியத்திலும் மருந்துக்கடையிலும்
வாரம் ஆறு நாள் நாற்காலி தேய்க்கிறவர்கள்.
ரோடு என்று யாரோ கொட்டிவைத்த கற்கள்.
ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனி அபிப்பிராயம்.
சக்கரம் ஒன்றைச் சமாதானப்படுத்தினால்
அடுத்தது முறைத்துக்கொண்டு நின்றது.
பாதித் தூரம் நாங்கள் சைக்கிளை ஓட்டினோம்.
மீதித் தூரம் அது எங்களை இழுத்தது என்று சொல்ல ஆசை.
தோளில் சுமந்தோம் என்பதுதான் உண்மை.

உச்சியில் எல்லைக்கல்.
மேற்கே மட்டம் தட்டிய தேயிலை.
கிழக்கே ஒன்றுமே இல்லை:
மேகம், அதன் அடியில் எங்கோ எங்கள் ஊர்கள்,
எங்கள் வீடுகளில் காயும் துணிகள்.
பையைத் திறந்து
கம்பம் பன்னீர் திராட்சையை எடுத்தேன், ஒரு கிலோ.
"இதுக்குத்தாண்டா உன்னக் கூட்டிட்டு வர்றது"
என்றான் ஹபிபுல்லா.
கல்லின் மேல் ஏறி நின்று
கிழக்கே விதை துப்பினோம்.
யார் துப்பியது போடி வரைக்கும் போகும் என்று பந்தயம்.
பெனிட்டா ஜெயித்ததாக
பெனிட்டாவே அறிவித்தாள்.

இறக்கம்.
இருநூறு அடிகூட இறங்கியிருக்க மாட்டோம்,
தங்கமாயனின் பின்சக்கரம்
'உஸ்' என்றது,
கூட்டத்தில் யாரையோ அடக்குவதுபோல.

புது ட்யூப் இருந்தது.
காற்று இல்லை.
சுற்றி எங்கும் காற்றுதான்,
தொப்பியைப் பிடுங்கும் காற்று,
ஹபிபுல்லாவின் கெட்ட வார்த்தையைப்
பாதியில் பறித்துக்கொண்டு போகும் காற்று.
ட்யூப்புக்குள் போக மட்டும் அதற்கு வழியில்லை.

"பம்பு யார்கிட்ட?"

தங்கியிருந்த அறையில்
கட்டிலின் கால்மாட்டில் அது கிடப்பது எனக்குத் தெரியும்.
பையிலிருந்து நான்தான் எடுத்து வைத்தேன்.
அந்த இடத்தில்தான் ஒரு கிலோ திராட்சை ஏறியது.
"யாராவது எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.
யாராவது.
அந்த ஆளை நாலு பேரும்
கொஞ்ச நேரம் தேடினோம்.

பெனிட்டாதான் சொன்னாள், புல்லை அடைக்கலாம் என்று.
தேயிலைப் பக்கம் புல்லே இல்லை.
திரும்ப ஏறி, கல்லைத் தாண்டி,
கிழக்குச் சரிவில் படுத்தபடி பிடுங்கினோம்.
கையை அறுக்கும் நெட்டைப் புல்.
டயரைப் பிளந்து திணித்தோம், திணிக்கத் திணிக்க
இன்னும் கேட்டது.
எல்லோரையும்விட அதிகம் பிடுங்கியவன் நான்.
"மாட்டுக்காரன் தோத்தான்" என்று
தங்கமாயன் முதுகில் தட்டினான்.
விரலில் ரத்தத்தோடு
சிரித்துவைத்தேன்.

பிறகு டொக், டொக், டொக் என்று
பசும்புல் உருண்டது கேரளத்துக்குள்.
டயரின் ஓரத்தில் தாடி முளைத்திருந்தது.
பனி இறங்கி முன்னால் போனவர்களை மறைத்தது,
பச்சை வாசனையைப் பிடித்துக்கொண்டு
பின்னால் போனேன்.
பிரேக் பிடித்துப் பிடித்து விரல்கள்
எனக்குச் சொந்தமில்லாமல் போயின.
எதிரே ஏறி வந்த ஜீப்பில் ஷிஜோ
தலையை நீட்டிப் பார்த்தான்.
"டயறினு விசப்பாணோ, சேட்டா?"
வண்டியிலிருந்த சுற்றுலாக்காரர்கள்
எங்களைப் படம் எடுத்தார்கள்.
புலி என்றால் இன்னும் நிறைய எடுத்திருப்பார்கள்.

அறையைத் தங்கமாயன்தான் முதலில் திறந்தான்.
நான் வெளியே
வெகு நேரம் ஷூ கழற்றினேன்.
ஒரு ஷூவில் எத்தனை முடிச்சு போட முடியுமோ
அத்தனையும் இருந்தன.

வந்தான்.
ஒரு கையில் பம்பு.
என் பையைப் பார்த்தான்,
அடியில் நசுங்கி ஊறியிருந்த கருநீலக் கறையை.
"பழம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.

டயரிலிருந்து புல்லை உருவிப் போட்டான்.
அரைத்த துவையல் மாதிரி வந்தது.
புது ட்யூபை மாட்டினான்.
பம்பை என் கையில் கொடுத்து,
"அடி" என்றான்.

அடித்தேன்.
போதும் என்று அவன் சொல்லவேயில்லை.