பதினொன்றாம் எண் படிவம்

புதுச்சேரியிலிருந்து கடலூர்
நாற்பத்தைந்து நிமிஷம் என்பார்கள்.
எனக்கு அது ஆறு கக்கூஸ்.
அரியாங்குப்பத்தில் பெட்ரோல் பங்க்.
தவளக்குப்பத்தில் கல்யாண மண்டபம், முகூர்த்த நாளில் மட்டும்.
கிருமாம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோக்காரர்
என் நடையைப் பார்த்தே சாவியை எடுப்பார்.
கன்னியக்கோயில் தாண்டிவிட்டால்
ரெட்டிச்சாவடி வரை
கடவுள் விட்ட வழி.

இரண்டாவது பிரசவத்தில் கிழிந்தது.
தையல் போட்டார்கள், சேர்ந்தது.
சதைக்குச் சொன்ன பேச்சு கேட்கிற பழக்கம்தான் போய்விட்டது.
பதினாலு வருஷமாய்
இருட்டி வீடு சேர்ந்த பிறகுதான் சாப்பாடு.
விரதமா அஞ்சலாட்சி, என்பாள் பக்கத்து மிஷின் ஜெசிந்தா.
ஆமாம்,
எல்லாச் சாமிக்கும்.

மேசையில் வைத்தார்கள்:
உள்ளங்கை அகலத்தில் பசை வளையம்,
அதில் தொங்கும் மெல்லிய பை.
உள்ளே ஒன்றும் போகாதும்மா, வெளியே ஒட்டுறதுதான்
என்றார் நர்ஸ் பிலோமின்.
இன்ஜினியர் பையன் சுவரைப் பார்த்துச் சொன்னான்:
கேழ்வரகுக் கூழ் ஊற்றிச் சோதித்தோம்,
மூன்று பதத்தில். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

சிரித்தால் எனக்கு ஆபத்து.
சிரித்துவிட்டேன்.
தம்பி, கூழ் பஸ் ஏறாது.
கூழுக்குத் தும்மல் வராது.

முதல் பை உட்காரும்போதே பிரிந்தது.
இரண்டாவது அரியாங்குப்பம் பாலத்தில்,
சித்திரை வியர்வையில்.
அப்புறம் நடந்ததை எழுதக் கட்டம் இருந்தது,
எழுதினேன்.
மூன்றாவதைத் திருப்பிக் கொண்டுபோய்ச்
சாக்பீஸால் மேசையிலேயே வரைந்தேன்.
வட்டம் வேண்டாம் தம்பி.
ரவிக்கைக்கு அக்குள் வெட்டுகிறவள் நான்,
மடிப்பில் வட்டம் படியாது.
வெற்றிலை மாதிரி வெட்டு, காம்பு முன்பக்கம்.
அவன் அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தான்.

நான்காவது.
பஸ் ஸ்டாண்டில் நின்று
இரண்டு மசால் வடை தின்றேன், பகலில், எல்லார் எதிரிலும்.
தவளக்குப்பம் வேகத்தடையில்
வந்தது.
கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.
யாரும் திரும்பவில்லை.
யாரும் மூக்கைப் பொத்தவில்லை.
ஸ்டூடியோ தாண்டிப் போயிற்று,
அவர் வாசலில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

ஒழுகல்: இல்லை.
வாடை: கொஞ்சம், எனக்கு மட்டும்.
தோல் சிவப்பு: ஒரு ரூபாய்க் காசு அளவு, எரிச்சல் உண்டு.
மறுபடி அணிவீர்களா:
பதிலுக்கு இரண்டே கட்டம்.
ஓரத்தில் எழுதினேன்,
ஒரு பை என்ன விலை வரும்?

படிவத்தின் மூலையில் ஒரு எண்ணெய்க் கறை.
அது வடை.
டாக்டர்கள் வேறு எதுவும் நினைக்க வேண்டாம்.