நிறுத்து

ஜனவரி முதல் நாள் தொடங்கி இரண்டு மாதம்
சாஃபித் துறைமுகத்தில் கடலுக்கு விடுப்பு.
மத்தி முட்டையிடும் காலம். வலை நனையக் கூடாது.
படகுகள் கயிற்றில் கிடந்து
ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கும்.
அந்தக் காலத்தில்தான், பிப்ரவரி பத்தாம் தேதி,
ஒருநாள் வேலைநிறுத்தம் என்று அறிவித்திருந்தது தலைமை.

"அன்றைக்கு எதை நிறுத்துவது, லஹூசின்?
பூனைகள் குப்பைத்தொட்டியைச் சுற்றுவதையா?"

கேட்டவள் இத்தோ.
டப்பா வரிசையில் எனக்கு எதிரே நிற்பவள்.
பதினாறு வருடமாக அவள் முகத்தை
நீராவி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.
அன்று கூட்டத்தில்தான் தெரிந்தது,
இடது புருவத்தில் ஒரு வெட்டு இருக்கிறது அவளுக்கு.

லஹூசின் கெட்டவரில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.
பழைய வேலைநிறுத்தத்தில் நாற்பது நாள் உள்ளே இருந்தவர்.
வெளியே வந்தபோது ஆலை வேறு பெயரில் நடந்தது,
கூட நின்றவர்கள் வேறு பெயரில் சேர்ந்திருந்தார்கள்.
அதிலிருந்து அவருக்கு எண்கள் பிடிக்கும்.
நிதியில் எத்தனை திர்ஹாம், அது எத்தனை நாள் ரொட்டி,
அகாதிரிலிருந்து லாரியில் எத்தனை பெண்களை
ஒரே இரவில் இறக்கிவிட முடியும் முதலாளியால்.
எல்லாம் ஒரு கோடு போட்ட தாளில் இருந்தது.
மத்தியக் குழுவும் பார்த்துவிட்டது என்றார்.
"மத்திக்குக்கூடக் குழு இருக்கிறதா?"
பின்னாலிருந்து யாரோ கேட்க
சிரிப்பில் பெஞ்சுகள் ஆடின. அவரும் சிரித்தார்,
தாளை மடிக்காமல்.

இத்தோ சிரிக்கவில்லை.
"இன்னும் ஒன்பது நாள் மீன் வரும்.
ஐஸ் இல்லாமல் மத்தி நான்கு மணிநேரம் தாங்கும்.
எங்களிடம் இருப்பதே அந்த நான்கு மணிநேரம்தான்.
அதை வாங்கிக்கொண்டுபோய்
பிப்ரவரியில் பூட்டிவைக்கிறீர்கள்."

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால்,
என் பெயரில் ஒரு குளிர்பெட்டிக் கடன். ஏழு தவணை பாக்கி.
எனக்குக் கூலி மாதத்துக்கு இல்லை, கிலோவுக்கு.
தட்டை நிறுத்து, ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்து,
மிச்சத்தைச் சீட்டில் குறிப்பார்கள்.
நிறுத்துப் போடு, நிறுத்து எழுது என்று
நாள் முழுக்கத் தராசருகே அதே சொல்.
அதன் மறு பொருளை
நான் உரக்கச் சொன்னதேயில்லை.

கை தூக்கச் சொன்னார்கள்.
பிப்ரவரிக்கு எண்பத்துச் சொச்சம்.
இந்த வாரத்துக்கு எண்ணிக்கொண்டிருக்கும்போதே
ஊதியது.

எங்கள் ஆலைச் சங்குக்குத் தனிக் குரல், அடித்தொண்டைக் குரல்.
பத்துத் தெரு தள்ளியிருந்தாலும் தெரியும்.
படகு வந்துவிட்டது.
சங்கம் கூப்பிட்டால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வருவோம்.
சங்கு கூப்பிட்டால் மாவுக் கையோடு ஓடியிருக்கிறோம்,
பால்குடியைப் பக்கத்து வீட்டில்
எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு.

பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது.
நானும்.
என்னைக் கேட்காமல் என் முழங்கால் எழுந்தது.

"பார்த்தாயா" என்றார் லஹூசின்.
வென்றவர் குரல் இல்லை அது.
தாளில் எழுதாமல் விட்ட ஒரு வரியை
வாசித்துக் காட்டுகிறவர் குரல்.

இத்தோ உட்கார்ந்தே இருந்தாள்.
"எண்ணுங்கள்" என்றாள். "இப்போது எண்ணுங்கள்.
உட்கார்ந்திருப்பவர்களை."

யாரும் எண்ணவில்லை. சங்கு இரண்டாம் முறை ஊதியது.
லஹூசின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கதவருகே போனார்.
திறக்கவா மறிக்கவா என்று பார்த்தோம்.
கதவுக்குப் பக்கவாட்டில் அதைப் போட்டு
எங்களுக்கு முதுகு காட்டி
உட்கார்ந்தார்.

அதற்கு என்ன பொருள் என்று
இன்றுவரை எங்களுக்குள் சண்டை.

நான் நின்றுகொண்டிருந்தேன்,
ஒரு கை மேலங்கிக்குள் நுழைந்து
மறு கை நுழையாமல்.
வெளியே
நான்கு மணிநேரம் தொடங்கியிருந்தது.