ரீடிங்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் எடுப்பது சம்பளத்துக்கு.
வருஷத்துக்கு ஒருமுறை, மாசி இரண்டாம் ஞாயிறு,
தாழம்பூர் ஏரிக்குத் தெற்கே
ஒன்றரைக் கிலோமீட்டர் பொட்டலில்
சாம்பல்தலை வானம்பாடி எண்ணுவது
எதற்கென்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

முதல் வருஷம் பதினெட்டு.
மண்ணின் நிறம். உட்கார்ந்தால் கல்,
எழுந்தால்தான் பறவை.
ஆண் மேலே மேலே ஏறி
சட்டென்று சிறகை மூடி விழும்,
விழும்போது நீளமாய் ஒரு விசில்,
தரைக்கு ஆளுயரம் இருக்கையில் மனசு மாறி
மறுபடி மேலே.

மறு வருஷம் நல்ல மழை. முட்டிவரை புல். பதினொன்று.
அடுத்தது, லாரித் தண்ணீருக்கு
ஊரே குடத்தோடு நின்ற வருஷம்: இருபத்தாறு.
நமக்குக் காய்ந்தால் அதற்குக் கல்யாணம்.
இப்படியே ஏழெட்டு வருஷம், ஏறி, இறங்கி.

பிறகு புல்டோசர் வந்தது.
முள்ளும் புதரும் வழித்துச் சமமாக்கி
மஞ்சள் பூசிய மனைக்கல் நட்டு
‘ஏர்போர்ட்டிலிருந்து நாற்பதே நிமிடம்’ என்று பலகை வைத்தார்கள்.
கடைசித் தடவை என்று நினைத்துத்தான் போனேன்.
ஐம்பத்து மூன்று.

மனை விற்கவில்லை. நாலு வருஷம் விற்கவில்லை.
சென்னை ஓரத்தில் யாரோ தெரியாத்தனமாய்
ஒரு பாலைவனம் செய்து கொடுத்திருந்தார்கள்.
நாற்பத்தேழாம் மனையில், கல்லின் நிழலில்
பொடிக்கல்லால் கரை கட்டி
இரண்டு முட்டை. பத்திரப் பதிவில்லாமல்.

பிறகு விற்றது.
முப்பத்தொன்று. பத்தொன்பது. ஏழு.
அங்கே எழும்பிய ஒவ்வொரு வீட்டுக்கும்
முதல் ரீடிங் எடுத்தவன் நான்தான்.

என் தாள்களையெல்லாம் வாங்கிப்போய்
ஜெஸிந்தா மேடம் கம்ப்யூட்டரில் கோடு போட்டார்.
“குறைஞ்சிடுச்சுன்னு சொல்லலாமா?”
“எந்த வருஷத்துலேர்ந்து பாக்குறீங்களோ, அதைப் பொறுத்தது.
ஆமா, கடைசி மூணு கட்டம் காலியா இருக்கே,
போகலையா?”

போனேன்.
எழுதக் கை வரவில்லை.

எங்கள் செக்‌ஷனில் ஒரு விதி.
வீடு பூட்டியிருந்தால் ‘டோர் லாக்’.
உள்ளே போய்ப் பார்த்து, எண் நகராமல் இருந்தால்தான் பூஜ்யம்.
இரண்டும் ஒன்றில்லை.
இதற்காகப் புதுப் பையன்களைத் திட்டியிருக்கிறேன்.

அவரிடமே பேனா வாங்கி
மூன்று பூஜ்யம் போட்டேன்.

நேற்று நாற்பத்தேழாம் வீடு.
காம்பவுண்டு தாண்டும்போது நீளமாய் ஒரு விசில்.
நின்றுவிட்டேன், தலையைத் தூக்கிக்கொண்டு.
ஜன்னலிலிருந்து ஒரு பெண்,
“குக்கர் சார். மீட்டர் அந்தப் பக்கம்.”

நானூற்றுப் பன்னிரண்டு யூனிட்.